சாவியின் நகல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. வீடு வாங்கிக் குடிபோன செய்தியும் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும் ஒன்றாக வந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உனக்கு நீளமாக எழுத இதுவே நல்ல சமயம்.

பழைய சொந்தக்காரர் கொடுத்துவிட்டுப் போன சாவிகளைத் தவிர வேறு சாவி வெளியே இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டிருந்தாய். நம்ப வழியே இல்லை. அந்த வீட்டில் வேலை செய்தவர், வர்ணம் அடிக்க வந்தவர், ஒருநாள் சாவி வாங்கிப்போன உறவினர் என்று எத்தனையோ கைகள். அவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. கணக்குத் தெரியாத சாவியை வைத்துக்கொண்டு நீ நிம்மதியாகத் தூங்க முடியாது, அவ்வளவுதான். உடனே மாற்றிவிடு. முழுப் பூட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. பெரும்பாலான கதவுகளில் சிலிண்டரை, அதாவது சாவி நுழைந்து சுழலும் உருளைப் பகுதியை, மட்டும் கழற்றி வேறு போட்டுவிடலாம்.

எதைப் போடுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. இப்போது உன்னிடம் இருக்கும் சாவியை எடுத்துப் பார். விளிம்பில் ஐந்தாறு பள்ளங்கள் இருக்கும். பூட்டுக்குள்ளே ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு துண்டுகளாக ஒரு சின்ன உலோக ஊசி. சரியான சாவி நுழைந்ததும் அந்தத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் சுழலும். லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அருமையான அமைப்பு. ஆனால் பூட்டின் ரகசியம் முழுவதும் சாவியின் விளிம்பில் வெளிப்படையாகக் கிடக்கிறது. சாவி வெட்டுகிறவர் உன் சாவியை ஒரு பக்கம் மாட்டி, பல் வெட்டாத சாவியை மறுபக்கம் மாட்டினால் சில நிமிடங்களில் கள்ளச்சாவி தயார்.

கடைக்குக்கூடப் போக வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் 2008-இல், மேஜைமேல் கிடந்த சாவியைச் சுமார் 195 அடி தூரத்துக் கூரையிலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்தே பள்ளங்களின் அளவைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஆகவே புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்து மகள் எங்கேயும் போட்டிருந்தால் நீக்கச் சொல். சாவியில் பொறித்திருக்கும் எண்ணும் அப்படித்தான். சில சாவிகளை அந்த எண்ணை வைத்தே வெட்டிவிடலாம்.

கடையில் முதலில் ‘கம்ப்யூட்டர் சாவி’ என்று காட்டுவார்கள். தட்டையான முகத்தில் குழி குழியாக இருக்கும். பார்வைக்கு மிரட்டும். அதற்கும் வெட்டும் மெஷின் உண்டு. வெட்டாத சாவி கடையில் கிடைத்தால் அதுவும் நகலாகிவிடும். ‘நகல் எடுக்கக் கூடாது’ என்று பொறித்ததை வைத்து ஏமாறாதே. அந்த எழுத்து எந்த மெஷினையும் நிறுத்தாது.

நீ கேட்க வேண்டியது, வெட்டாத சாவி யார் யாருக்குக் கிடைக்கும் என்பதைத்தான். காப்புரிமை உள்ள பூட்டுகளில் அந்தச் சாவியைத் தயாரிப்பாளரும் அவர் அனுமதித்த கடைகளும் மட்டுமே தர முடியும். பூட்டோடு ஒரு அட்டை வரும்; அதைக் காட்டினால்தான் புதுச் சாவி வெட்டுவார்கள். காப்புரிமைக்குப் பொதுவாக 20 ஆண்டுதான் ஆயுள். முடிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தச் சாவியைத் தயாரிக்கலாம். எந்த ஆண்டில் முடிகிறது என்று விடாமல் கேள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதே.

காப்புரிமை கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும். 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ஷ்லேஜ் பிரைமஸ் என்ற கட்டுப்பாடுள்ள சாவியையே முப்பரிமாண அச்சில் எடுக்க வழி செய்துவிட்டார்கள். அதனால்தான் சாவிக்குள்ளேயே அசையும் துண்டு வைத்த பூட்டுகளை நான் முதலில் சொல்வேன். மல்-டி-லாக் இன்டராக்டிவ், அப்லாய் புரோடெக்2 இரண்டும் அந்த வகை. ஆஸ்திரியாவின் எவ்வா நிறுவனம் எம்சிஎஸ் என்ற பூட்டின் சாவியில் காந்தமே வைத்திருக்கிறது. அசையும் பாகத்தையோ காந்தத்தையோ ஒரே வார்ப்பாகவோ அச்சாகவோ எடுப்பது லேசில்லை. விலை கூடத்தான் செய்யும். வாசல் கதவுக்கு மட்டுமாவது தயங்காமல் செலவழி. பின்கதவுக்கும் அதே சாவி பொருந்தும்படி சேர்த்தே ஆர்டர் கொடுத்தால் கொத்தில் ஒரு சாவி குறையும்.

அட்டையைப் பூட்டுச் சாவியோடு ஒரே பையில் வைக்காதே. எத்தனை சாவி, யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி வை. கதவு நிலை உளுத்திருந்தால் முதலில் தச்சரைக் கூப்பிடு. நல்ல பூட்டும் அங்கே உதவாது.

கடையில் என்ன சொன்னார்கள் என்று எழுது. வாங்குவதற்கு முன் பெயரையும் மாடலையும் அனுப்பினால் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்