செல்விக்கு, கண்ணாடிக் குடுவை பற்றி

பெரம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தோம், ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து, கூடவே வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி என்று பொழுது போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். எதிர் வீட்டு மாடியில் காயும் துணி யாருடையது என்றுகூடச் சொல்கிறார்.

பொருட்காட்சியில் வாங்கிய தங்கமீன் நாலாம் நாள் செத்துப்போய் உன் பேரன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "தினமும் தண்ணீர் மாற்றினோம், கூழாங்கல்லைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம், அப்படியும் ஏன்?" என்று கேட்டிருந்தாய். செல்வி, அப்படிக் கழுவியதுதான் காரணமாக இருக்கும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. இந்த பாக்டீரியா எல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை என்று நினைக்காதே. கல்லிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை, புதுக் குடுவையில் அவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் தினமும் சோப்புப் போட்டு முதல் நாளுக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டீர்கள், அதோடு குழாயில் வரும் குளோரின் தண்ணீரையும் நேராக ஊற்றியிருப்பீர்கள். குழந்தையிடம் இதில் அவன் தப்பு ஒன்றுமில்லை என்று சொல். தங்கமீன் ஒரு சாண் நீளத்துக்கு வளர்கிற, பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். அதை உருண்டைக் குடுவையில் விற்பதே சரியில்லை, ரோம் நகரத்தில் 2005இல் அப்படி வளர்க்கக் கூடாது என்று விதியே போட்டார்கள்.

அதனால் அந்தக் காலிக் குடுவையில் இன்னொரு மீன் வாங்கி விடாதே. தண்ணீருக்குள் வளரும் செடி வை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், மிச்சமெல்லாம் இதற்கான விளக்கம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து இரண்டரை வருஷமாகிறது. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போனால் நடக்க இடமிருக்காது. அங்கேதான் பத்து லிட்டர் பிடிக்கும் வாய் அகன்ற குடுவை ஒன்று வாங்கினேன். முதல் தடவை நானும் தோற்றேன். அடியில் போட நர்சரியிலிருந்து தொட்டி மண் வாங்கி வந்தேன், அதில் மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்திருந்தது, அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீரிலேயே ஐந்து சின்னச் சிவப்பு இறால் விட்டேன், விடிவதற்குள் ஐந்தும் போய்விட்டன. இன்னும் எனக்கு அது வருத்தம்தான்.

இரண்டாவது தடவை பொறுமையாகச் செய்தேன். அதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு உதவும்.

எருவும் உரமும் படாத தோட்டத்து மண் போதும். உன் வீட்டுப் பின்புறம் வேப்பமரத்தடி வேண்டாம், வாழைக்கு நீ சாணி போடுகிற இடமும் வேண்டாம். பழைய சல்லடையில் சலித்து, பக்கெட்டில் ஊறப்போட்டு, மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு, வெயிலில் காயவைத்து மறுபடியும் ஊறப்போடு, மூன்று நாலு தடவை. குடுவையில் அது ஓர் அங்குலம், அதன் மேல் கழுவிய மணல் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. மணல் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பார், நுரைத்தால் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம். மணலை ரொம்ப உயரமாகக் கொட்டினால் அடி மண்ணுக்குக் காற்றுப் போகாமல் அழுகின முட்டை வாடை வரும். மண் எதற்கு என்று கேட்பாய். செடிக்கு வேரில் சாப்பாடு, அதோடு மண்ணில் இருக்கும் மக்கு சிதையும்போது வெளிவரும் கரியமில வாயுவையும் செடி எடுத்துக்கொள்ளும். இதனால்தான் கரியமில வாயு சிலிண்டரும் காற்று பம்பும் இல்லாமலே குடுவை ஓடுகிறது.

தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு பாலித்தீன் கவரை விரித்து அதன் மேல் மெதுவாக ஊற்று, இல்லாவிட்டால் எல்லாம் கலங்கிச் சேறாகும். உங்களுக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர், எங்கள் போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் நீ கொடுத்து வைத்தவள். வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் ஒன்று, உன் மாமியார் காலத்துச் செம்புக் குடத்துத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே. இறாலுக்குச் செம்பு கொஞ்சம் கலந்தாலே ஆபத்து.

செடிகள். முதல் நாளே நெருக்கமாக நட வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு தண்டு மட்டும் நட்டால் அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். வேகமாக வளர்வது ஒன்று கட்டாயம், அதற்கு நம் வேலம்பாசியே போதும், அம்மோனியாவை அது உறிஞ்சிவிடும். நினைவிருக்கிறதா, பிளஸ் டூ ஆய்வகத்தில் ஹைட்ரில்லாத் தண்டுகளைப் புனலுக்குள் வைத்து மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து, வெயிலில் கொண்டுபோய் வைத்துக் குமிழி எண்ணினோமே, நீ எண்ணிக்கையை மறந்துவிட்டு என் நோட்டைப் பார்த்து எழுதினாயே, அதேதான். இப்போது என் மேஜையில் பகல் பதினோரு மணிக்கு மேல் இலை நுனியிலிருந்து சரம் சரமாக அந்தக் குமிழி ஏறும்போது எனக்கு அந்த ஆய்வக வாசனையே வருகிறது.

நடுவில் வைக்க கிரிப்டோகோரைன் வென்ட்டி. இலங்கை ஓடைகளில் வளர்கிற செடி, பழுப்பும் பச்சையும் கலந்த அலை அலையான இலை, அதிக வெளிச்சம் கேட்காது. இதை நட்ட முதல் வாரத்திலேயே இலையெல்லாம் கூழாகக் கரைந்துவிடும், பயந்து பிடுங்கிப் போட்டுவிடாதே. நான் முதல் குடுவையில் பிடுங்கினேன், இரண்டாவதில் கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவைத்தேன், மூன்றாம் வாரம் ஊசி மாதிரிப் புது இலை வந்தது. ஒரு கல்லில் ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியை நூலால் கட்டிப் போட்டால் இறால் குஞ்சுகளுக்கு ஒளிய இடம். நாடா மாதிரி நீள இலை விடும் வாலிஸ்நேரியா அழகுதான், ஆனால் குடுவைக்கு உயரம் போதாது.

அப்புறம் வெளிச்சம். நேர் வெயில் படாத கிழக்கு ஜன்னலோரம் நல்லது, இல்லையென்றால் ஒன்பது வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பைப் படிக்கிற விளக்கில் மாட்டி ஏழு மணி நேரம். முதல் மாதம் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படிவு வரும், விரலால் துடைத்தால் போகும், தானாகவும் நின்றுவிடும். தண்ணீர் பச்சையானால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம், மூன்று நாள் செய்தித்தாள் சுற்றி வை. பச்சையாகிவிட்டதே என்று எல்லாவற்றையும் கொட்டிக் கழுவாதே, உன்னை எனக்குத் தெரியும், கழுவத்தான் கை போகும்.

வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மெல்லிய டியூபை முக்கி, வாயால் லேசாக இழுத்தால் பக்கெட்டில் விழும், அந்தத் தண்ணீர் உன் ரோஜாவுக்கு நல்லது. நடுவில் ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று, ஆவியாகும்போது உப்பு எல்லாம் குடுவையிலேயே தங்கிவிடுகிறதே. ஆனால் முழுக்க ஆர்.ஓ. வேண்டாம், இறால் ஓடு கட்டுவதற்குத் தாது உப்பு தேவை.

இறாலை ஐந்தாறு வாரம் கழித்துத்தான் விட வேண்டும். அதற்கு முன்னால் நத்தைகள் போதும், செடியோடு ஒட்டிக்கொண்டு தானாகவே வந்துவிடும், துரத்தாதே. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீனையும் வாலிஸ்நேரியாவையும் ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார். செடி ஆக்சிஜன் கொடுத்தது, ஆனால் அழுகிய இலை தண்ணீரைக் கெடுத்தது. குளத்து நத்தைகளைப் பிடித்து விட்ட பிறகுதான் தண்ணீர் தெளிந்து நிலைத்தது. அதைப் படித்ததிலிருந்து நத்தையைப் பார்த்தால் எனக்கு மரியாதை.

நான் எட்டுச் சிவப்பு இறால் விட்டேன், செர்ரி ஷ்ரிம்ப் என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாம் மாதம் ஒன்று வயிற்றடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்துகொண்டு கால்களால் விசிறியபடியே இருந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதம் சுமந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார், ரவை அளவு ஒன்று பாசி மேல் நகர்வதை. முதல் கண் ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம் அது. "ஏதோ ஊர்கிறதே" என்று அவர் கூப்பிட்டபோது நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடினேன், பால் பொங்கி வழிந்தது, போகட்டும். இப்போது காலைக் காபி டம்ளரோடு அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார், எத்தனை என்று எண்ணுகிறார், ஒவ்வொரு நாளும் வேறு எண்ணிக்கை சொல்கிறார்.

சாப்பாடு மிகக் குறைவாகப் போட வேண்டும். நாட்டு வாதுமை (நாட்டுப் பாதாம்) மரத்தின் காய்ந்த இலை ஒன்று எப்போதும் கிடக்கட்டும், மேய்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு நாள் வேகவைத்த பசலைக்கீரை நகக்கண் அளவு, சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடு. மே மாதம் இங்கே தண்ணீர் 33 டிகிரிக்குப் போனது, இறாலுக்கு முப்பதைத் தாண்டினாலே கஷ்டம். டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் பரப்பில் படும்படி வைத்து இரண்டு டிகிரி இறக்கினேன். அப்படியும் மூன்று போய்விட்டன. உங்கள் ஊர் வெயில் இன்னும் கடுமை, அதனால் கோடை கழிந்த பிறகே இறால் வாங்கு.

கொசு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மீன் இல்லாத தண்ணீர், டெங்குக் கொசுவுக்கு அழைப்பு வைத்த மாதிரி. கொசுவலைத் துணியை எலாஸ்டிக் வைத்துக் குடுவை வாயில் மாட்டிவிட்டேன். அந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே கண்ணாடி ஓரத்தில்தான் முட்டை ஒட்டும், தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரியும், அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அந்த ஓரத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். அதே சமயம் அறையில் கொசு ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, தெருவில் புகை மருந்து அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்திக் குடுவையை மூடிவிடு. கொசுவைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும்.

வெட்டிப்போடும் செடி, கூடுதலாகிவிட்ட நத்தை எதையும் வாய்க்காலில் போடாதே, காயவைத்துக் குப்பையில் போடு. இங்கே ஏரிகளில் சக்கர் மீன் (தொட்டிப் பாசியை மேய விற்கிற வெளிநாட்டு மீன்) பெருகிக் கிடப்பது இப்படி வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதால்தான். நாம் குளித்த வாய்க்காலுக்கு அது வர வேண்டாம்.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஈரச் செய்தித்தாளில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்தால் கிரிப்டோகோரைனும் மாஸும் ஒரு ராத்திரிப் பயணத்தைத் தாங்கும், வேரோடு ஏழெட்டு எடுத்து வருகிறேன், நீ காசு கொடுத்து வாங்காதே. வேலம்பாசியை மட்டும் நீ ஏற்பாடு செய். மண்ணை இப்போதே சலித்து ஊறப்போட்டு வை, அதைப் பேரனிடம் கொடு, சேற்றில் கை வைக்கச் சொன்னால் அவன் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. நான் வந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்து நடலாம்.

உன் முட்டிவலிக்கு என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
கோமதி