ஆண்டறிக்கை 2025: ரஷ்யப் பண்டிகைகளில் நமது சங்கத்தின் பங்கேற்பு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாஸ்கோவில் வாழும் நாம் இந்நாட்டுப் பண்டிகைகளைச் சதுக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது, அழைக்கிற வீடுகளுக்குச் சென்று கலந்துகொள்ள வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அத்தீர்மானம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைச் செயலாளர் என்ற முறையில் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ரஷ்யர்களுக்குப் பெரிய பண்டிகை புத்தாண்டுதான், கிறிஸ்துமஸ் அல்ல. சோவியத் ஆட்சியில் 1920களின் இறுதியில் விலக்கப்பட்ட கிறிஸ்துமஸ் மரம், 1935 டிசம்பரில் புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்ததால், மரம், பரிசு, தேத் மரோஸ் என்னும் பனித் தாத்தா, அவருடைய பேத்தி ஸ்னெகூரச்கா ஆகிய அனைத்தும் டிசம்பர் 31ஆம் தேதி இரவுக்கு வந்து சேர்ந்தன. இதை அறியாமல் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு விருந்துக்குப் போன நம்மவர்கள், ஒலிவியே சாலட்டும், பீட்ரூட் போர்த்திய ஹெர்ரிங் மீனும், மாண்டரின் பழங்களும் நிறைந்த மேசைக்கு முன்னால் திண்டாடிப் போனார்கள். கிரெம்ளின் கடிகாரம் பன்னிரண்டு அடித்த பிறகும் அங்கே சாப்பாடு ஓயவில்லை.

ஜனவரி 13ஆம் தேதி இரவு 'பழைய புத்தாண்டு'. ரஷ்யா 1918இல் நாட்காட்டியை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாளே பிப்ரவரி 14 என்று ஆனது. திருச்சபையோ பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. அந்தப் பதின்மூன்று நாள் வித்தியாசத்தால்தான் கிறிஸ்துமஸ் ஜனவரி 7இலும், பழைய கணக்கின்படியான புத்தாண்டு நம் பொங்கலன்றும் வருகின்றன. இவ்வாண்டு மின்னடுப்பில் வைத்த பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோன நேரத்தில், பக்கத்து வீட்டு அம்மையார் கையில் ஒரு கிண்ணம் சாலட்டுடன் வந்து நின்றார். ஒரே நாளில் இரு வீட்டுப் பண்டிகையும் நடந்தது இதுவே முதல் முறை. ஜனவரி 19ஆம் தேதித் திருமுழுக்கு விழாவில் பனியை வெட்டிய குழியில் மூழ்கி எழ இளைஞர் சிலர் அனுமதி கேட்டனர்; செயற்குழு மறுத்தது. மறுத்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

பிப்ரவரி 24 முதல் மார்ச் 2 வரை நடந்த மாஸ்லெனித்சா வாரம்தான் நமக்கு மிகவும் ஒத்துவந்தது. பெருநோன்புக்கு முந்தைய அவ்வாரத்தில் இறைச்சி விலக்கு, ஆனால் பால், வெண்ணெய், முட்டை, மீன் உண்டு. ஆகவே ஸ்மெத்தானா என்னும் புளித்த பாலாடையும் தேனும் ஊற்றிய ப்ளினி என்னும் மெல்லிய அப்பங்களை, முட்டை சேர்த்துக்கொள்ளும் நம் சைவ உறுப்பினர்களும் தயங்காமல் உண்டார்கள். முதல் ப்ளின் கட்டியாகத்தான் வரும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கல்லில் ஒட்டிக்கொள்ளும் முதல் தோசையை அறிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஞாயிறன்று பூங்காவில் வைக்கோல் பொம்மையை எரிப்பதற்கு முன், அழைத்த வீட்டார் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதையும், 'கடவுள் மன்னிப்பார்' என்று மறுமொழி சொன்னதையும் அருகிலிருந்து கண்டோம்.

மார்ச் 8, மகளிர் தினத்தன்று நேர்ந்த பிழையை மறைக்க விரும்பவில்லை. சங்கத்தின் சார்பில் நாம் வாங்கிச் சென்ற கொத்தில் பத்து டூலிப் மலர்கள் இருந்தன. இரட்டைப்படையில் பூ கொடுப்பது இங்கே இறந்தவர்களுக்கு மட்டுமே. கொத்தைப் பெற்றுக்கொண்ட அம்மையார் ஒரு பூவை மெல்ல உருவித் தன் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, மீதியை ஜாடியில் வைத்தார். பூ வாங்கும் பொறுப்பு என்னுடையது.

ஏப்ரல் 20 ஈஸ்டருக்கு இரு வாரம் முன்பே அதே அம்மையார் வெங்காயச் சருகு கேட்டு அனுப்பினார். சருகைக் கொதிக்க வைத்த நீரில் முட்டையை வேகவிட்டால் ஆழ்ந்த செம்பழுப்பு நிறம் ஏறும். நாள்தோறும் சாம்பார் வைக்கும் வீடுகளிலிருந்து ஒரு பை நிறையச் சேர்ந்தது. 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்றால் 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று பதில் சொல்லவும், எதிராளியின் முட்டையோடு மோதி எவருடையது உடையாமல் தப்புகிறது என்று பார்க்கவும் நம் பிள்ளைகள் ஒரே காலையில் கற்றுக்கொண்டனர். குலீச் என்னும் உயரமான இனிப்பு ரொட்டி ஒன்று சங்கத்துக்கும் வந்தது.

மே 9 வெற்றி நாளில், போரில் மறைந்தவர்களின் படங்களை வைத்து நினைவுகூரும் வீடுகளை மதித்து, நிகழ்ச்சி எதையும் வைக்கவில்லை. பிப்ரவரி 23, ஜூன் 12, நவம்பர் 4 ஆகிய அரசு விடுமுறைகள் பற்றிக் குறிப்பிட ஏதுமில்லை, பெரும்பாலோர் ஓய்வெடுத்தனர்.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 12 ஞாயிறன்றும், சித்திரை முதல் நாள் 14 செவ்வாயன்றும் வருகின்றன. அழைப்பு விடுத்த வீட்டார் அந்த வார இறுதியில் நம்மிடம் வர இயலாது என்பதால், புத்தாண்டு விழாவை 18ஆம் தேதி சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்