கூட்டுப்புழுவில் காணாமல் போகும் ஒட்டுண்ணி

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. கொசுப்புழுவின் நடுக்குடலில் கொத்துக்கொத்தாகத் தெரிந்த ஒட்டுண்ணி, கூட்டுப்புழுவை அறுத்தால் ஒன்றுகூட இல்லையே, செத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். சாகவில்லை, குடிபெயர்ந்துவிட்டது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் குடல் என்பதால், அது அநேகமாக அஸ்கோகிரெகரினா குலிசிஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிதான். 1898இல் ரொனால்ட் ராஸ் விவரித்த உயிரி. முட்டையிலிருந்து வெளிவந்த கொசுப்புழு, தண்ணீரில் கிடக்கும் அதன் சிதல்உறைகளை, அதாவது விதைபோல் அதைப் பரப்பும் நுண்ணிய உறைகளை, விழுங்குகிறது. ஒவ்வொரு உறையிலிருந்தும் 8 நுண்கிருமிகள் வெளிப்பட்டுக் குடல் செல்களுக்குள் நுழைகின்றன. வளர்ந்ததும் செல்லை விட்டு வெளியே வந்து, குடல் சுவரைப் பற்றிக்கொண்டு பருக்கின்றன.

கூட்டுப்புழு ஆகும்போது பழைய நடுக்குடல் உள்சுவர் முழுக்க உரிந்து கழிவாகிவிடும். அங்கேயே இருந்தால் ஒட்டுண்ணியும் அதோடு போகவேண்டியதுதான். ஆனால் கொசுவின் 5 மால்பீஜியன் குழல்கள், அதாவது குடலோடு ஒட்டிய கழிவுநீக்கக் குழல்கள், உருமாற்றத்தின்போது அழிவதில்லை. புழுவுக்கு இருந்தவையே முதிர்ந்த கொசுவுக்கும். சரியாக அந்த நேரத்தில் ஒட்டுண்ணி அவற்றுக்குள் புகுந்து, இரண்டிரண்டாக இணைந்து, புதிய சிதல்உறைகளை உண்டாக்குகிறது. இடியப்போகும் வீட்டையும் நிற்கப்போகும் வீட்டையும் பிரித்தறிவது போன்ற இந்த நேரக்கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி இப்படிப் பார். 100 மில்லி நீரில் 0.65 கிராம் உப்புக் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித்தகட்டில் விடு. வெறும் தண்ணீர் வேண்டாம். செல்கள் உப்பி வெடித்துவிடும். நான்காம் பருவப் புழுவின் மார்பை ஒரு ஊசியால் அழுத்திப் பிடித்து, கடைசிக் கண்டத்தை இன்னொரு ஊசியால் மெதுவாக இழு. வெடுக்கென்று இழுத்தால் குடல் பாதியில் அறுந்துவிடும். நுண்ணோக்கியில் 100 மடங்கில் ஒட்டுண்ணியின் நீள்வடிவ உடலும், உள்ளே தெளிந்த ஒற்றை உட்கருவும் தெரியும், சறுக்கிக்கொண்டே நகரும். உணவுத் துணுக்குக்கு இந்த அசைவும் கிடையாது, உட்கருவும் கிடையாது.

கூட்டுப்புழுவாகி ஒரு நாள் கழிந்ததையோ, புதிதாக வெளிவந்த கொசுவையோ அறுத்தால், குடலோடு வரும் குழல்களை மட்டும் பிரித்தெடு. மூடுதகட்டை லேசாக அழுத்தி 400 மடங்கில் பார். எலுமிச்சை வடிவச் சிதல்உறைகள் குழலை அடைத்து நிற்கும்.

இதை வைத்து ஏடிஸை ஒழிக்கலாமா என்ற உன் கேள்விக்கு, எனக்கு நம்பிக்கையில்லை. தான் இயல்பாகத் தங்கி வாழும் கொசுவுக்கு இது தரும் பாதிப்பு குறைவு. கொசு உயிரோடு வெளிவந்து பறந்தால்தானே சிதல்உறைகள் வேறொரு தண்ணீரைச் சேரும்? கம்பளிப்புழுவுக்குள் முட்டையிடும் கொட்டீசியா குளவியின் கதை நேர்மாறு. முட்டையோடு வைரஸையும் கம்பளிப்புழுவுக்குள் செலுத்தி, அதன் இரத்த அணுக்களின் எதிர்ப்பை முடக்கிவிடும். அந்தக் கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாவதே இல்லை. கட்டுப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அந்த வகையைத்தான் நாடவேண்டும்.

குழல்களைப் பார்த்ததும் எழுது. ஐந்திலும் இருந்தனவா, சிலவற்றில் மட்டுமா என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
ராகவன்