லோ கியர் உள்ள ஹைப்ரிட் வண்டி வேண்டும்: கார் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கத்துக்கும், அதில் அங்கம் வகிக்கும் கார் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு வட்டாரத்தில், மலையடிவாரத்தை ஒட்டி ஏத்தன் வாழை பயிரிட்டு வருபவன் நான். 2012-இல் வாங்கிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. 2027-இல் அதற்குப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. அதன் பிறகு எஃப்.சி. எடுத்து, மறுபதிவு செய்து ஐந்து ஆண்டு ஓட்டலாம் என்றாலும், அடுத்த வண்டி எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பணமும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. எங்கள் பாதைக்கு ஏற்ற வண்டிதான் உங்கள் வரிசையில் இல்லை. அதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

மைலேஜ் ஒன்றுக்காக மட்டும் நாங்கள் ஹைப்ரிட்டை விரும்பவில்லை. திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்குப் போகும் பாதையில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். தார் முடிந்ததும் கல்லும் குழியுமாகக் கிடக்கும் ஏற்றத்தில், ஒவ்வொரு கல்லின் மீதும் சக்கரத்தை ஏற்றி இறக்கும்போது டீசல் வண்டியில் அரைக் கிளட்சில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. கோயில் வருவதற்குள் கிளட்ச் பிளேட் தீயும் வாடை வண்டிக்குள் வந்துவிடும். மின்மோட்டாருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு இழுவிசையையும் தருவது அதன் இயல்பு. மேலும், 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதன் ஓரத்தில் வாழும் நாங்கள், காட்டுக்குள் டீசல் புகையையும் இரைச்சலையும் குறைத்துக்கொண்டு போக முடியும் என்றால் அதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவு செய்யவும் தயாராக இருக்கிறோம்.

ஆனால் கடைக்குப் போனால் கிடைப்பது என்ன? மாருதியின் கிராண்ட் விட்டாராவில் மோட்டாரால் தனியாகவும் ஓடக்கூடிய முழு ஹைப்ரிட் வேண்டும் என்றால் முன்சக்கர இயக்கம் மட்டுமே உண்டு. நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்றால், மோட்டார் எஞ்சினுக்குத் துணையாக மட்டும் இருக்கும் மைல்ட் ஹைப்ரிட்டைத்தான் எடுக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டித் தரும் லோ கியர் இரண்டிலும் இல்லை. இன்னோவா ஹைகிராஸ் இடவசதியுள்ள நல்ல குடும்ப வண்டி, ஆனால் அதுவும் முன்சக்கர இயக்கமே. லோ கியரோடு வருவது 2025 ஜூனில் அறிமுகமான ஃபார்ச்சூனர் நியோ டிரைவ். அதன் அறிமுக விலையே 44 லட்சத்துக்கு மேல். அதிலுள்ள 48 வோல்ட் மோட்டாரோ எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, வண்டியைத் தனியே நகர்த்தாது. ஈரக் கல்லில் ஒரு முன்சக்கரம் பிடியில்லாமல் சுற்றும்போது, பின்சக்கரங்கள் தள்ளாத வண்டி அங்கேயே நின்றுவிடக்கூடும். மின்னணுக் கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பிடியில்லாத சக்கரத்தைப் பிடித்து, விசையை மற்ற முன்சக்கரத்துக்கு மாற்றத்தான் அதனால் முடியும். இல்லாத பின்சக்கர இழுவையை உண்டாக்க அதனால் முடியாது.

ஏற்றத்தை விட இறக்கமே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மாஞ்சோலைக்கு மேலேயுள்ள ஊத்து, நாலுமுக்கு எல்லாம் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாலேயே ஆனது. ஆட்களும் சுமையுமாக 1,700 கிலோ எடையுள்ள ஒரு வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 4.6 கிலோவாட் மணி. சாலை உராய்விலும் காற்றிலும் ஒரு பங்கு போனாலும், மீதியை வண்டி எங்காவது செலவழித்தே ஆக வேண்டும். ஹைப்ரிட்டில் மோட்டார் அந்த ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்தபடியே வண்டியைப் பிடிக்கும். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டின் பேட்டரி கொள்ளளவோ 0.76 கிலோவாட் மணி. ஆகவே மலையின் பாதி இறங்குவதற்கு முன்பே பேட்டரி நிறைந்துவிடும். அதன் பிறகு மோட்டாரால் பிடித்து நிறுத்த முடியாது. எஞ்சினைச் சுழலவிட்டுத்தான் வேகத்தைக் கட்ட வேண்டும், மீதிச் சுமை பிரேக் பேடுகளின் மேல் விழும். என் பழைய வண்டியிலோ சின்ன லீவரை லோவில் போட்டு, முதல் கியரில் விட்டுவிட்டால், பிரேக்கைத் தொடாமலே ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கிவிடுவேன். பிரேக்கின் சூடு என்ன செய்யும் என்பது மலைச்சாலையில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்தக் கணக்கைப் பற்றி உங்கள் விளம்பரக் கையேடு எதிலும் ஒரு வரி கூட நான் கண்டதில்லை.

செய்ய முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. 2024-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேண்ட் குரூசரில் 2.4 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கும் நடுவில் மோட்டாரை வைத்து, அதன் பின்னால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் வழக்கமான லோ கியர் பெட்டியையும் (டிரான்ஸ்ஃபர் கேஸ்) விட்டுவைத்திருக்கிறார்கள். மொத்த இழுவிசை 630 நியூட்டன் மீட்டர். அந்த வண்டியின் அளவும் விலையும் எங்களுக்கு வேண்டாம். அந்த அமைப்பு முறை போதும். அதை இங்கே ஓடும் நடுத்தர எஸ்யூவியின் அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள். நான்கு சக்கர இயக்கமும் லோ கியரும் உள்ள டீசல் வண்டிகளை இந்த நாட்டிலேயே பல்லாண்டுகளாகச் செய்து வரும் உங்களுக்கு இந்த வேலை புதிதல்ல.

அடுத்தது தண்ணீர். ஒரு விற்பனை நிலையத்தில், “இந்த ஹைப்ரிட் எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும்?” என்று கேட்டேன். பொறுமையாகவே பேசிய அந்தத் தம்பி கையேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எஸ்யூவிதானே சார், எல்லாத்துலயும் போகும்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் நீங்கள் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியே தண்ணீரில் நின்றது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் “எல்லாத்துலயும் போகும்” என்ற பதில் செல்லாது. மஹிந்திராவின் தார் ராக்ஸ் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்று அறிவிக்க முடிகிறபோது, ஹைப்ரிட் வண்டிகளுக்கும் அதே போல ஒரு எண்ணை அச்சில் போடுவதற்கு என்ன தடை? வெள்ளத்தில் நின்ற ஹைப்ரிட்டின் பேட்டரிக்கு வாரன்டி உண்டா இல்லையா என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரன்டி என்பது பெரிய வாக்குறுதிதான், மறுக்கவில்லை. அது எந்தெந்தச் சூழலில் செல்லாது என்பதையும் வாங்குபவர் கையெழுத்திடும் முன்பே படிக்கும்படி தமிழில் கொடுங்கள்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹைப்ரிட் பேட்டரிகள் பலவற்றில், வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு சின்ன விசிறி பின் இருக்கை அருகே உள்ள சல்லடை வழியாக உள்ளிழுத்துத்தான் பேட்டரியின் சூட்டைத் தணிக்கிறது. எங்கள் பக்கத்தில் பின் இருக்கை காலியாகப் போகும் நாள் குறைவு. உரச் சிப்பமோ, வாழைத்தாரோ, இலைக்கட்டோ அந்தச் சல்லடையை அடைத்தபடி கிடக்கும். உவரி, திசையன்விளைப் பக்கம் போய் வந்தால் தேரிக்காட்டுச் செம்மண் பொடி வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் ஏறியிருக்கும். சித்திரை வெயிலில் இப்படி அடைபட்ட பேட்டரி எவ்வளவு காலம் தாங்கும் என்பதை இந்த மண்ணில் ஓட்டிப் பார்த்து நீங்களே சொல்ல வேண்டும். காற்று நுழையும் வாயைச் சுமை மறைக்காத உயரத்தில் வைத்து, அதன் வடிகட்டியை வீட்டிலேயே கழற்றித் தட்டிப் போடும்படி செய்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பழுது பார்ப்பவர்களைப் பற்றியும் நீங்கள் நினைக்க வேண்டும். என் டீசல் வண்டி நடுவழியில் நின்றால் ஏர்வாடியிலோ நாங்குநேரியிலோ ஒரு மெக்கானிக் வந்து அரைநாளில் ஓட வைத்துவிடுவார். ஹைப்ரிட்டின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்களைத் தொட அவர் அஞ்சுவது நியாயமே. பயிற்சி இல்லாமல் தொடவும் கூடாது. அதனால் சின்னக் கோளாறுக்கும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டியதாகிறது. பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் உங்கள் செலவில் ஹைப்ரிட் வகுப்பு நடத்துங்கள். மின்தொடர்பைத் துண்டிக்கும் பிளக் எந்த மாடலில் எங்கே இருக்கிறது என்பதையாவது எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் கற்றுக் கொடுங்கள்.

விலை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டீசல் எஸ்யூவிக்கும் பெரிய ஹைப்ரிட்டுக்கும் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி. ஆகிவிட்டது, முன்பு டீசலுக்கு 50, ஹைப்ரிட்டுக்கு 43 சதவீதம் என்று இருந்த சலுகை போய்விட்டது. அது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழைய வண்டியை உடைக்கக் கொடுத்துச் சான்றிதழ் பெற்று வருபவர்களுக்கு 2024 ஆகஸ்டில் நீங்கள் ஒப்புக்கொண்ட தள்ளுபடி உங்கள் கையில்தான் இருந்தது. புதிய வண்டி விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்றீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கண்ணெதிரே உடைக்கக் கொடுக்க இந்தத் தொகைக்கு யாரும் முன்வர மாட்டார்கள். முழு ஹைப்ரிட்டுக்கு மாறுபவர்களுக்காவது இப்படி உச்சவரம்பு இல்லாத தள்ளுபடியைக் கொடுங்கள்.

இனி வரும் ஹைப்ரிட் மாதிரி வண்டிகளின் சோதனை ஓட்டத்தில் இரண்டு நாளை எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வனத்துறை அனுமதியோடு மணிமுத்தாறு மலைச்சாலையிலும் நம்பிமலைப் பாதையிலும், பின்னர் தேரி மணலிலும் ஓட்டிப் பாருங்கள். கண்ட முடிவுகளை நல்லதோ கெட்டதோ அப்படியே வெளியிடுங்கள். லோ கியர் உள்ள முழு ஹைப்ரிட் எப்போது வரும், வரவே வராதா என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள். வராது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 2027-இல் நான் மறுபதிவுக்குப் பணம் கட்டுவதா, புதிய வண்டிக்கு முன்பணம் கட்டுவதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
களக்காடு வட்டார வாழை விவசாயி ஒருவர்