நீல் தீவுக்காரர்களுக்கும் கப்பல் சிநேகிதருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். உங்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் அந்தமானில் தமிழர்களுக்கா பஞ்சம்? பக்கத்தில் இருக்கும் யாராவது வாசித்துச் சொல்வார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறோம். பெயர் போடவில்லை. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, சென்னையிலிருந்து கப்பலில், மலிவான பங்க் படுக்கை வகுப்பில் எங்களோடு வந்த அண்ணாச்சிக்கு. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல். அலை கொஞ்சம் புரண்டதுமே எங்கள் கோஷ்டியில் பாதி சுருண்டுவிட்டது. "வெறும் வயித்தோட கெடக்காதீய தம்பி, மேல போயி தூரத்துல கடல் முடியுத கோட்டப் பாருங்க" என்று தளத்துக்கு விரட்டியவர் நீங்கள். புளியும் உப்பும் சேர்த்து உருட்டி ஆளுக்கொன்று நாக்கில் வைத்தீர்கள். மருந்து புளியா, காற்றா, உங்கள் அதட்டலா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஹேவ்லாக் தீவு என்று போட்டிருந்த திட்டத்தை மாற்றி, "கையில காசு கம்மின்னா நீலுக்குப் போங்க" என்று சொன்னதும் நீங்கள்தான்.

2018 டிசம்பர் 30 முதல் நீல் தீவின் பெயர் ஷஹீத் த்வீப். படகுத்துறையில் எல்லோர் வாயிலும் இன்றும் நீல்தான். 1857 கலகத்தை ஒடுக்கிய ஜேம்ஸ் நீல் என்ற அதிகாரியின் பெயரில் வந்தது என்கிறார்கள். அந்த ஆளுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டிலும் ஒரு சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடத்தி, பத்து வருடம் கழித்து ராஜாஜி ஆட்சியில்தான் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். நம்மூரில் இறக்கியவரைத் தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறோம், பாருங்கள்.

அடுத்து, சீதாபூரில் எங்களுக்கு மூங்கில் குடிசை கொடுத்த தீதி, அதாவது எங்கள் வங்காள அக்கா. ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ராமாயணமே குடியிருக்கும் அந்தத் தீவில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பம் உங்களுடையது. ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம் என்றுதான் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். கிடந்தோம். வாடகை சைக்கிளில் ஒரு சுற்று, பரத்பூர் கரையில் கழுத்தளவுத் தண்ணீரில் அரட்டை, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டால் சாப்பாடு, தூக்கம். பொழுது விடியும் முன்னே விழிப்பு வந்த ஒருநாள் வெளியே வந்து பார்த்தால், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் டார்ச் வெளிச்சத்தில் கத்தரிக்காய் மூட்டை தைத்துக்கொண்டிருக்கிறீர்கள், போர்ட் பிளேர் போகும் அரசுப் படகுக்கு. முந்தின ராத்திரி எங்களுக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் படுக்கும்போது மணி பத்து. தீவு ஓய்வாக இருந்தது எங்களுக்குத்தான், தீதி.

அப்புறம் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. படகு இல்லை. மறுநாளும் இல்லை. துறையில் கூட்டம் சேரச் சேர எங்கள் முகம் வெளிறியதைப் பார்த்து, "புயல் போகும்வரை வாடகை வேண்டாம், அரிசிக்கு மட்டும் கொடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்த மழை நாட்களில் உங்கள் கடுகெண்ணெய் மீன் ஜோல், அந்தத் தண்ணிக் குழம்பு, எங்களுக்குப் பழகிப்போனது. பதிலுக்கு உங்கள் அடுப்பில் நாங்கள் ரசம் வைத்தோம். நீங்கள் ஒரு வாய் ருசித்துவிட்டு, எங்களைக் கேட்காமலே அரைக் கரண்டி சர்க்கரை போட்டீர்கள். மரியாதைக்காக எல்லோரும் குடித்தோம். இப்போது எங்களில் ஒருத்தி அப்படித்தான் வைக்கிறாள், அவள் வீட்டில் கடும் எதிர்ப்பு.

மளிகைக் கடை தாதாவுக்கு (வங்காளத்தில் அண்ணன், நம்மூர் தாதா இல்லை): சிக்னல் செத்து, ஜிபேயும் செத்து, ஏ.டி.எம்.மும் கைவிட்ட நேரத்தில் மெழுகுவர்த்தி, பிஸ்கட், கொசுவர்த்தி எல்லாம் கொடுத்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்கு எழுதினீர்கள். எங்கள் போன் நம்பரைக் கேட்கக்கூட இல்லை. போர்ட் பிளேரில் கால் வைத்ததும் முதல் வேலையாக அனுப்பினோம். வந்து சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

லட்சுமண்பூர் பாறைப் பாலத்துக்குக் கூட்டிப் போன தம்பி, உன்னை மறக்க முடியாது. கடல் வற்றும் நேரம் பார்த்து எங்களை இழுத்துக்கொண்டு போனாய். ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த குட்டி ஆக்டோபஸ் நிறம் மாறுவதைக் காட்டினாய். பார்த்து முடித்ததும், எடுத்த வாக்கிலேயே கல்லைத் திரும்ப வைத்தாய், வெயில் பட்டால் அடியில் இருப்பதெல்லாம் செத்துவிடும் என்று. சங்கு, பவளத் துண்டு எதையும் பைக்குள் போடக்கூடாது, ஊர் திரும்பும்போது சோதிப்பார்கள் என்று எச்சரித்ததும் நீதான். இவ்வளவுக்கும் நீ கேட்ட கூலி ரொம்பக் குறைச்சல்.

அதே பாறையில்தான் எங்கள் ஆள் ஒருவன் காலில், முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு கிடக்கும் அந்தக் கறுப்புக் கடல் உருண்டையின், அதாவது கடல் முள்ளெலியின், முள் ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர், கரண்ட் இல்லாத நேரத்தில் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து, பொறுக்கும் சூட்டில் காலை முக்க வைத்தீர்கள். வலி பாதியாகக் குறைந்தது. வெளியே தெரிந்த முள்ளை மட்டும் இடுக்கியால் எடுத்தீர்கள். "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று அவன் கதறினான். ஆழத்தில் இருப்பதைத் தோண்டினால் உடைந்து சிதறும் என்று பொறுமையாக விளக்கி, ஊசி போட்டு அனுப்பினீர்கள். கால் நன்றாக இருக்கிறது. பந்து விளையாடுகிறான், சுமாராகத்தான், ஆனால் முன்னாலும் அப்படித்தான்.

படகு ஓடத் தொடங்கிய அன்று டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவருக்கும் ஒரு கும்பிடு. ஜன்னலுக்கு வெளியே அத்தனை கூச்சல். நீங்கள் குரல் உயர்த்தவே இல்லை. நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள், அப்புறம் மற்றவர்கள் என்று வரிசையைப் பிரித்தீர்கள். விமானம் போய்விடும் என்று சண்டை போட்டவர்களும் கடைசியில் வரிசைக்கு வந்தார்கள். எங்களுக்கு மதியப் படகுதான் கிடைத்தது. சரியான தீர்ப்புதான்.

தீதி, உங்கள் பேத்தியோடு எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். கூடவே மாவடு ஊறுகாய் ஒரு பாட்டில். தயவுசெய்து அதில் மட்டும் சர்க்கரை போடாதீர்கள்.

இப்படிக்கு,
சீதாபூர் குடிசையில் கிடந்த சென்னைக் கோஷ்டி