புகார்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள், தோழர்களே

பிரிட்டனில் பாலஸ்தீன மக்களுக்காகப் பேரணி நடத்தும் இடதுசாரி அமைப்புகளின் கிளைச் செயலாளர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

இஸ்ரேல் அரசைக் கண்டிப்பதும், ஆக்கிரமிப்பை எதிர்ப்பதும், புறக்கணிப்புக்கு அழைப்பதும் யூத வெறுப்பு ஆகாது. அந்த உரிமையை நாங்களும் உங்களோடு நின்று காப்போம். ஆனால் அந்த உரிமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, யூத வெறுப்பு பற்றி வந்த புகார்களைப் படிக்காமலே ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

பிரிட்டனின் தொழிற்கட்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்நாட்டின் சமத்துவம் மற்றும் மனித உரிமைகள் ஆணையம், கட்சிக்கு வந்த யூத வெறுப்புப் புகார்களில் 70 புகார்க் கோப்புகளை ஆராய்ந்து, 2020 அக்டோபர் 29 அன்று அறிக்கை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைக் கட்சி மூன்று வகையில் மீறியதாக அது கண்டது: விசாரணையில் அரசியல் தலையீடு, விசாரிப்பவர்களுக்குப் போதிய பயிற்சி தராதது, துன்புறுத்தல். முறையற்ற தலையீடு மட்டும் 23 முறை நடந்திருந்தது. யூத வெறுப்புப் புகார்களுக்கென்றே இருந்த மின்னஞ்சல் பெட்டியைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. அதே கட்சி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்குத் தனி நடைமுறை வகுத்திருந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று என்பதால்தான் இந்தக் குறை எங்களை இவ்வளவு உறுத்துகிறது.

ஆகவே முதல் வேலை, புகார்களுக்குத் தனி முகவரி. அதைத் திறக்கும் உரிமை இருவருக்கு வேண்டும். இருவருமே கிளைப் பொறுப்பில் இல்லாதவர்களாக இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் பதிவு எண்ணோடு பதில் போகவேண்டும். புகாருக்கு உள்ளான இணையப் பதிவு அழிந்துபோகும் என்பதால், திரைப்பிடிப்பைத் தேதி, நேரம், இணைப்பு மூன்றோடும் அன்றே சேமியுங்கள். புகாருக்கு உள்ளானவரிடம் அவர் எழுதிய அதே சொற்களைக் காட்டி, பதில் சொல்ல 14 நாள் கொடுங்கள். முடிவும் காரணமும் எழுத்தில் இருக்கட்டும், மேல்முறையீடும் வேண்டும். பொய்ப் புகாரில் சிக்கியவரைக் காப்பதும் இதே நடைமுறைதான். தலைவருக்கு வேண்டியவர் என்று மெல்லச் சொல்வது மட்டுமல்ல, சீக்கிரம் நீக்கிவிடு என்று அழுத்துவதும் தலையீடுதான்.

அடுத்தது சொற்கள். ‘சியோனிஸ்ட்’ என்றால் யூதர்களுக்கெனத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர். ஐயமான வாக்கியத்தில் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் ‘இஸ்ரேல் அரசு’ என்று போட்டுப் படியுங்கள். ‘சியோனிஸ்ட் படை மேற்குக் கரையில் வீடுகளை இடிக்கிறது’ என்பதில் பொருள் கெடாது. ‘சியோனிஸ்டுகள் வங்கிகளையும் பத்திரிகைகளையும் ஆட்டிவைக்கிறார்கள்’ என்பதில் கெட்டுவிடும். அங்கே ‘யூதர்’ என்று போட்டால்தான் வாக்கியம் நிற்கும். 1903இல் ரஷ்யாவில் அச்சேறிய ‘சியோன் பெரியவர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம் பரப்பிய பழி அது. இந்தச் சொல்மாற்றம் நம் முகாமுக்குப் புதிதும் அல்ல. 1952இல் பிராக் நகரில், செக்கோஸ்லோவாகியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ஸ்லான்ஸ்கி மீதான வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 14 கம்யூனிஸ்டுகளில் 11 பேர் யூதர்கள். ‘சியோனிஸ்ட் சதி’ என்றே வழக்கை ஜோடித்து 11 பேரைத் தூக்கிலிட்டார்கள். போலந்தில் 1968இல் ‘சியோனிஸ்ட் எதிர்ப்பு’ என்ற பெயரில் நடந்த வேட்டையால் சுமார் 13,000 யூதர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள்.

படங்களில்தான் கண் அதிகம் தவறுகிறது. லண்டன் ஹான்பரி தெருவில் 2012இல் தீட்டிய சுவரோவியம் முதலாளித்துவ எதிர்ப்பாகத்தான் தோன்றியது: ஒடுக்கப்பட்டவர்களின் முதுகில் பலகை வைத்து விளையாடும் வங்கி முதலாளிகள். சிலருடைய முகங்கள் பழைய யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களின் முகங்கள். அதை அழிப்பது ஏன் என்று அப்போது கேட்ட ஜெரமி கார்பின், பின்னர் தொழிற்கட்சித் தலைவரானவர், உற்றுப் பார்க்காமல் போனதற்கு 2018இல் வருந்தினார். பேரணிக்கு வரும் பதாகையைப் புறப்படும் இடத்திலேயே பாருங்கள். வளைந்த மூக்கு, உலகைச் சுற்றிய ஆக்டோபஸ், பொம்மலாட்டக் கயிறு, குழந்தையின் இரத்தம் குடிக்கும் வாய் இருந்தால் அந்தப் பதாகை உள்ளே வரக்கூடாது. வாசலில் நிற்கும் தொண்டர்களுக்கு இந்த நான்கையும் அச்சிட்ட படங்களாகக் காட்டுங்கள். வாயால் சொன்னால் கூட்ட நெரிசலில் மறந்துபோகும்.

யூத வெறுப்பு என்றால் என்ன என்ற வரையறைச் சண்டையிலேயே மாதக்கணக்கைப் போக்காதீர்கள். பன்னாட்டு ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணியின் 2016 வரையறையை முதலில் வரைந்தவர்களில் முக்கியமான கென்னத் ஸ்டெர்னே, அதைப் பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தடுக்கப் பயன்படுத்துவதை எதிர்த்திருக்கிறார். அது ஒத்துவராது என்றால் அறிஞர்கள் வகுத்த இன்னொரு வரையறையான 2021ஆம் ஆண்டின் ஜெருசலேம் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலைப் புறக்கணிப்பது தன்னளவில் யூத வெறுப்பு அல்ல என்கிறது அது. யூதர் என்பதற்காகவே ஒருவரை இஸ்ரேலைக் கண்டிக்கச் சொல்லிக் கேட்பது யூத வெறுப்பு என்றும் சொல்கிறது. கிளைக் கூட்டத்துக்கு முதன்முதலாக வரும் யூதத் தோழரிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி பல இடங்களில் அதுதான். அதை இந்த வாரமே நிறுத்துங்கள்.

அடுத்த செயற்குழுவில், உங்கள் புகார்ப் பெட்டியில் பதில் போகாத மடல்கள் எத்தனை, மிகப் பழையது எந்தத் தேதியில் வந்தது என்பதை உறுப்பினர்கள் முன் படித்துக் காட்டுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் பேரணிகளில் உடன் நடப்பவர்கள்