கயலுக்கு: படம் கேட்கப் போகும் முன்

அன்புள்ள கயலுக்கு,

உங்கள் கேலரி இந்த வருஷம் குழந்தைகள் மருத்துவமனைக்காக ஓவிய ஏலம் நடத்தப் போகிறது, ஓவியர்களிடம் பேசிப் படம் வாங்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று சொன்னாய். நியூயார்க்கில் போய் இப்படி ஒரு வேலையில் நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கும் அப்பாவுக்கும் பெருமையாக இருக்கிறது. ஆனால் "ஓவியர்கள் இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள் அம்மா, நல்ல காரியம்தானே" என்று நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. போனில் பேசினால் உனக்கு நேரம் இருக்காது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. அப்பா படங்களுக்கு மரச்சட்டம் போட்டார், நான் கணக்கு எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் எழும்பூர்ப் பக்கம் கடை வைத்திருந்ததால், ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் கண்காட்சிக்குச் சட்டம் போட நம்மிடம்தான் வருவார்கள். எந்தப் படம் விற்றது, எது திரும்பி வந்தது, யார் வீட்டில் எந்த மாதம் அரிசிக்கே கஷ்டம் என்பதெல்லாம் கணக்கு நோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். சட்டக் கூலியைக் கொடுக்க முடியாமல் "அண்ணி, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று படத்தையே கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. நம் வீட்டுக் கூடத்தில் நீ பார்த்து வளர்ந்த நீலப் படம் அப்படி வந்ததுதான்.

அந்த நோட்டில் நிதி திரட்டும் ஏலங்களுக்கும் பக்கங்கள் உண்டு. மழை வெள்ளம், புயல், பள்ளிக்கூடக் கட்டடம், கண் சிகிச்சை என்று ஏதாவது ஒன்று வரும்போதெல்லாம் யாராவது ஓவியர்களைத் தேடி வருவார்கள். நட்சத்திர ஓட்டலில் கூடம் பிடிப்பார்கள். கூடத்துக்கு வாடகை கொடுப்பார்கள். சாப்பாட்டுக்காரருக்குக் காசு கொடுப்பார்கள். விளக்கு போடுபவருக்கு, அழைப்பிதழ் அச்சடித்தவருக்கு, படத்தைத் தூக்கி மாட்டிய பையன்களுக்கு என்று எல்லோருக்கும் கூலி உண்டு. எங்களுக்கும் சட்டத்துக்குப் பணம் வந்துவிடும். அந்தச் சட்டத்துக்கும் பல தடவை ஓவியர்தான் கைக்காசைக் கொடுத்திருப்பார். அந்த இடத்தில் காசு பார்க்காமல் நின்ற ஒரே ஆள் படம் வரைந்தவர்தான். மேடையில் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாங்கியவர் யார் என்பதைக்கூட அவருக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

கொடுக்க மனசில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதே. 2015 டிசம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். தரைத்தளத்தில் வைத்திருந்த கேன்வாஸ் எல்லாம் ஊறிப்போய், சாயம் வழிந்து, கேன்வாஸை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் கட்டைகள் வளைந்துபோன ஓவியர்கள்தான் அந்த மாதமே நிவாரணத்துக்கென்று மிச்சமிருந்த நல்ல படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேட்டால் கொடுக்கிறவர்கள் என்பதால்தான் அவர்களிடம் யோசித்துக் கேட்கவேண்டும்.

விலை விஷயத்தை நீ என்னைவிட நன்றாக அறிவாய். இருந்தாலும் சொல்கிறேன். ஓர் ஓவியரின் விலை மெதுவாக ஏறுகிற ஒன்று. நம் ஊரில் பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு கண்காட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கேலரி அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்ளும். அதையும் போகவிட்டுத்தான் அவர் வாழ்கிறார். ஏலத்தில் அவர் படத்தைப் பாதி விலைக்குத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? போன வருஷம் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு மனசு கசந்துவிடும். அடுத்து வாங்க வருபவர் "அன்றைக்கு இந்த விலைக்குப் போனதே" என்று அதையே பிடித்துக்கொள்வார். நம் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்கு, பெயர் வேண்டாம், இப்படி வரிசையாக நடந்தது. நல்ல மனசோடு ஏலத்துக்கு ஏலம் கொடுத்தார். கடைசியில் ஒரு கேலரிக்காரரே அவரிடம், உங்கள் படத்துக்கு வெளியில் இவ்வளவுதான் விலை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போய்விட்டார். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பெரிதாக வரைவது நின்றுபோனது.

நீ அங்கே போனபிறகு உன் ஊர் விஷயங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளர் தன்னிடமுள்ள ஓவியத்தை மியூசியத்துக்குக் கொடுத்தால், அதன் சந்தை விலையையே நன்கொடையாகக் காட்டி வரிக்கழிவு கேட்கலாம். அதே படத்தை வரைந்தவர் தானே கொடுத்தால், சாயத்துக்கும் துணிக்கும் ஆன செலவை மட்டும்தான் கழிக்க முடியும். 1969-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் செய்த வேலை இது. செனட்டர் பேட்ரிக் லேஹி இதை மாற்ற மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தும் நிறைவேறவில்லை. நம் ஊரிலும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான், பொருளாகக் கொடுத்தால் இல்லை. ஆக, நீ ஓர் ஓவியரிடம் படம் கேட்கும்போது அவர் கொடுப்பது முழுக்க முழுக்க அவர் கையிலிருந்து போவது. அரசாங்கம்கூட அதைப் பெரிதாக மதிப்பதில்லை. நீயாவது மதிக்க வேண்டும்.

இன்னொன்றும் உன் ஊரில் நடந்ததுதான். 1973-ல் ராபர்ட் ஸ்கல் என்ற டாக்ஸி கம்பெனிக்காரர் தன் சேகரிப்பை நியூயார்க்கில் ஏலம் விட்டார். ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கிடமிருந்து 1958-ல் 900 டாலருக்கு வாங்கிய படம் ஒன்று 85,000 டாலருக்குப் போனது. ராஷன்பெர்க்குக்கு அதில் ஒரு காசு இல்லை. அவர் ஏலக்கூடத்திலேயே ஸ்கல்லோடு மல்லுக்கு நின்றார். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு வேண்டும் என்று அங்கே கேட்க ஆரம்பித்ததில் அந்தச் சண்டைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்ற பிரிவு இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, அது 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நம் கடைக்கு வந்தவர்களில் அதன்படி பணம் வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

அதே ராஷன்பெர்க் அதற்கு முன்பே, 1970-ல், கஷ்டப்படும் ஓவியர்களுக்கு அவசர உதவி செய்ய 'சேஞ்ச்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். லீ கிராஸ்னர் என்ற ஓவியர் தன் சொத்தை விட்டுப்போனதால் 1985-ல் பொல்லாக் கிராஸ்னர் அறக்கட்டளை உருவானது. பணமுடையில் இருக்கும் ஓவியர்களுக்கு அது இன்றும் உதவுகிறது. ஓவியர் கையில் பணம் சேர்ந்தால் என்ன செய்வார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உனக்கு நான் சொல்ல வருவதற்கு நல்ல உதாரணம் 2025 மார்ச்சில் உன் ஊரிலேயே கிறிஸ்டீஸ் ஏலத்தில் நடந்தது. ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' என்ற படம். லியோன் வொலோதார்ஸ்கி என்ற நார்வே டாக்டர் உலக சுகாதார நிறுவன வேலையாக டெல்லிக்கு வந்தவர். 1954-ல் அந்தப் படத்தை வாங்கினார். பதினாலு அடி நீளம் இருக்கும் பெரிய படம் அது. பிறகு 1964-ல் அதை ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். வெளி ஆட்கள் கண்ணில் படாமல் அங்கேயே பல பத்து வருஷங்களாக இருந்த படம் 1.375 கோடி டாலருக்குப் போனது. நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய். அதுவரை இந்திய நவீன ஓவியம் எதுவும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. அந்தப் பணம் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறது. ஹுசைன் பெரிய பெயர் எடுக்காத காலத்தில் ஒருவர் அவர் படத்தை வாங்கினார். பிறகு தன்னுடையதான அதை மருத்துவமனைக்குக் கொடுத்தார். முதலில் வாங்குவது, அப்புறம் கொடுப்பது. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கியவர்கள் வீட்டுச் சுவர்களில் எவ்வளவோ படங்கள் இருக்க, நாம் ஏன் எப்போதும் வரைகிறவர் வீட்டுக் கதவையே போய்த் தட்டுகிறோம்?

சேகரிப்பாளர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் இல்லாவிட்டால் இந்த உலகமே இல்லை. ரிட்டயர் ஆன ஒரு வங்கி அதிகாரி நம் கடைக்கு வருவாரே, கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு, உனக்கு எப்போதும் கடலை மிட்டாய் கொடுப்பார். மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர். பெயர் தெரியாத இளம் ஓவியர்களிடம் போய், தவணை முறையில் தருகிறேன் என்று சொல்லிப் படம் வாங்குவார். சொன்ன தேதி தவறியதில்லை. முதல் கண்காட்சியில், படம் விற்றுவிட்டது என்று காட்டும் முதல் சிவப்புப் பொட்டை ஒட்டவைத்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் சிலர் கண் கலங்கச் சொல்வார்கள். மகள் கல்யாணம் முடிந்ததும் பாதிப் படங்களை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார். புதிதாகச் சட்டம் போட்டு, படத்தைச் சுற்றியிருந்த மங்கிப்போன மவுண்ட் அட்டைகளை எல்லாம் மாற்றி, அவரே பக்கத்தில் நின்று மாட்டவைத்தார். வரைந்தவர்களுக்கு ஆளுக்கொரு கார்டு போட்டு, உங்கள் படம் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரியப்படுத்தினார். உங்கள் ஏலத்துக்கு வருபவர்களில் இப்படி நாலு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து அவர்களிடம் கேள். "உங்கள் சேகரிப்பிலிருந்து ஒரு படம் தருவீர்களா" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வரிக்கழிவும் அவர்களுக்கு ஓரளவு கிடைக்கும்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். சிற்பங்களுக்கு நடுவில் ஓடினது மட்டும்தான் உனக்கு நினைவிருக்கும். அந்த இடம் எப்படி வந்தது என்பதை உன் மேலதிகாரிக்குச் சொல்லு. கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்தார். யாரிடமும் நன்கொடை கேட்டுக் கிளம்பவில்லை. பாத்திக் துணி, உலோக வேலை, தோல் வேலை என்று கைத்தொழில் செய்து விற்றார்கள். அதில் வந்த பணத்தில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். முப்பது நாற்பது ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து கட்டிய கிராமம் அது. ஒரு பொழுது கைத்தொழில், மறு பொழுது தங்கள் ஓவியம். பி.வி. ஜானகிராம், நந்தகோபால், சேனாதிபதி எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். 2009-ல் மியூசியமும் திறந்தார்கள். யாரும் பார்த்துப் பிச்சை போட்டு வந்த இடம் அல்ல அது. ஓவியர் தன் காலில் நின்றால் ஊருக்கே ஒரு இடம் கிடைக்கும் என்பதை நான் அங்கே ஒவ்வொரு முறை போகும்போதும் பார்க்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் அங்கேயே ராமானுஜம் போன்ற ஒரு அபூர்வக் கலைஞர் 1973-ல் இளம் வயதில் இறந்துபோனார். அவர் படங்களுக்கு மதிப்பு ஏறியது அவர் போனபிறகு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, நீ செய்யக்கூடியது என்ன? விற்ற பணத்தில் பாதி ஓவியருக்கு, பாதி மருத்துவமனைக்கு என்று பேசிப் பார். பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், அதனால் இது நடக்காத காரியமில்லை. முழுதையும் கொடுக்கிறேன் என்று அவராகச் சொன்னால் அது அவர் விருப்பம். ஆனால் அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வரட்டும், உங்கள் படிவத்திலிருந்து வரவேண்டாம். பாதி முடியாது என்றால் சட்டத்துக்கும் வண்டிக்கும் ஆகும் செலவையாவது கேலரி ஏற்றுக்கொள்ள வேண்டும். குறைந்தபட்ச விலையை அவரைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். அந்த விலைக்கு யாரும் கேட்கவில்லை என்றால் படத்தைக் கௌரவமாகத் திருப்பிக் கொடுத்துவிடு. மேடையில் வைத்துக் கூவிக் கூவி விலையைக் குறைக்கவே கூடாது. போன வருஷம் கொடுத்தவரிடமே இந்த வருஷமும் போய் நிற்காதே. ஏலம் முடிந்ததும் எவ்வளவுக்குப் போனது, யார் வாங்கினார், மருத்துவமனையில் அந்தப் பணம் எதற்கு ஆனது என்று நீயே எழுது. வாங்கியவர் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டாலும், ஓவியரைச் சந்திக்கிறீர்களா என்று அவரைக் கேட்டுவிடலாம். ஓவியருக்கு அடுத்த படம் விற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட அறிமுகத்தில்தான்.

மருத்துவமனைப் பிள்ளைகளை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அவர்களுக்கு நிறையப் பணம் போகவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஓவியர் மனம் நிறைந்து தன் நல்ல படத்தைக் கொடுத்தால்தான் நல்ல விலை வரும். கட்டாயத்துக்குக் கொடுத்தால் மூலையில் கிடந்ததைத்தான் கொடுப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. வார்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைய ஓவியர்களை அழைக்கலாமா என்று கேட்டாயே, அது எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கும் மணிக்கணக்குப் பார்த்து ஊதியம் வைத்துவிடு.

ஓவியர்களுக்கு அனுப்பப் போகும் கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. ஓவியருடைய பங்கு எவ்வளவு என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம். உன் மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன காரணம் சொன்னார் என்று எழுது, அப்பாவும் நானும் யோசித்துப் பதில் போடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. படங்களை அட்டைப் பெட்டியில் அனுப்பினால் மூலைகளுக்குப் பட்டை வைக்கச் சொல்லு என்று இங்கிருந்தே கத்துகிறார்.

அன்புடன்,
அம்மா